இரட்டைப் பூட்டு

அப்பா லீவு போட மாட்டார். சித்தியின் கல்யாணத்துக்கே, முகூர்த்தம் ஒன்பதரைக்குள் முடிந்துவிடுமா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் கிளம்பினார். தாலி ஏறியதும் அட்சதையைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தவர், பந்தியெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் திரும்பி வந்தார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள். காரணம், அவர் இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு கிடந்த ஒரு சாவி.

சார்நிலைக் கருவூலம் என்பது போர்டில் எழுதியிருந்த பெயர். ஊர் அதைக் கஜானா என்றுதான் சொல்லும். கஜானாவின் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அதிகாரியிடம், மற்றதன் சாவி கணக்கரான அப்பாவிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். உள்ளே முத்திரைத்தாள் கட்டுகள், பரீட்சை சமயத்தில் வினாத்தாள் பெட்டிகள், அரக்கு முத்திரை வைத்த பொட்டலங்கள். வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். மணிக்கொருதரம் அவர் தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டில் அடிப்பார். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கடிகாரம் அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஓடியது.

இதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி ஏன் ஞாபகத்துக்கு வந்தது என்று தெரியவில்லை. 2017 மே 12. மூன்றாவது தோசையோடு உட்கார்ந்திருந்தேன். டிவியில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் திரைகளில் சிவப்புக் கட்டம். 300 டாலர் கொடு, இல்லாவிட்டால் உன் பைல்கள் போச்சு. வானாக்ரை என்ற புழு. அந்த மிரட்டல் கடிதம் 28 மொழிகளில் தயாராக இருந்தது என்று பிறகு படித்தேன். தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. நம்மிடம் பணம் பேராது என்று நினைத்தார்களோ என்னவோ.

எனக்குத் தோசை இறங்கவில்லை. நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு அலுவலக வளாகத்தில். பெயர் வேண்டாம். மூன்று மாடி, தாலுகா ஆபீஸ்களையும் சேர்த்தால் நானூறுக்கு மேல் சிஸ்டம். நான் அரசு ஊழியன் இல்லை, ஒப்பந்த ஆள். ஆனாலும் 'சிஸ்டம் சார்' என்றால் டபேதார் முதல் எல்லாருக்கும் தெரியும். இந்த வானாக்ரை நுழைகிற ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டது. எம்எஸ்17-010 என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து எண்ணினால் 59 நாள். என் சர்வரில் அது மார்ச் மாதமே இறங்கி உட்கார்ந்திருந்தது. தாலுகா ஆபீஸ்களுக்கு லைன் மெதுவாக இருக்கிறது, மார்ச் முடிந்து கணக்கு மூடட்டும், பிறகு அனுப்பலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். மார்ச் முடிந்தது, ஏப்ரல் முடிந்தது.

நல்லவேளையாக மறுநாள் சனி. ஆபீஸ் முழுக்க சிஸ்டம் எல்லாம் அணைந்து கிடக்கும். திங்கள் காலை பத்து மணிக்கு நானூறு பேர் ஒவ்வொருவராகப் பட்டனை அழுத்துவார்கள். திங்கள் மக்கள் குறைதீர்க்கும் நாள் வேறு. மனுவோடு காலை எட்டரைக்கே வராந்தாவில் ஜனம் உட்கார்ந்துவிடும்.

பட்டனை அழுத்தியதும் ஓடத் தொடங்கும் கடிகாரத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2003 ஆகஸ்ட். பிளாஸ்டர் புழு. அப்போது நான் வேறொரு ஆபீசில் புதுப் பையன். சிஸ்டத்தை ஆன் செய்து நெட்வொர்க் கேபிளைச் செருகிய கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பெட்டி வரும்: இன்னும் 60 விநாடியில் அணைந்துவிடும், வேலையைச் சேமித்துக்கொள். 59, 58, 57. கட்டளைத் திரையைத் திறந்து 'ஷட்டவுன்', ஒரு இடைவெளி, ஒரு கோடு, 'ஏ' என்று தட்டினால் எண்ணிக்கை நின்றுவிடும். அந்த ஒரு வரியைத் தட்டுவதற்காக மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். ஒரு டைப்பிஸ்ட் அம்மா நாற்பதில் கூப்பிடுவார். நான் போய்ச் சேரும்போது மூன்று. மறுநாள் அந்த வரியை ஒரு கட்டளைப் பைலில் எழுதி எல்லாருடைய டெஸ்க்டாப்பிலும் வைத்தேன். 'பெட்டி வந்தால் இதை அமுக்கவும்' என்று பெயர் கொடுத்தேன். நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் அதுதான். அந்தப் புழுவுக்கான பேட்சும் ஜூலையிலேயே வந்திருந்தது. கதை எப்போதும் இதேதான், தேதிகள்தான் மாறும்.

அதன்பிறகு எனக்கு ஸ்கிரிப்ட் பித்து பிடித்தது. நூறு தடவை செய்கிற வேலையை ஒருமுறை எழுதிவிட்டால் போதும், அது நூறு சிஸ்டத்துக்கும் போய்ச் செய்துவிட்டு வரும். முதலில் கட்டளைப் பைல், அப்புறம் விபி ஸ்கிரிப்ட். 2000இல் 'ஐ லவ் யூ' என்ற மெயில் உலகத்தையே படுக்கப் போட்டதே, அது எழுதப்பட்டதும் இதே விபி ஸ்கிரிப்டில்தான். நான் ஆபீசைக் காப்பாற்றக் கற்ற மொழியில் ஒருவன் ஆபீஸைக் கெடுக்க எழுதியிருந்தான். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதில் யோசிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று புரியப் பதினேழு வருடம் ஆனது.

பிறகு பவர்ஷெல் வந்தது. ஜெஃப்ரி ஸ்னோவர் என்பவர் 2002இலேயே இப்படி ஒன்று வேண்டும் என்று மைக்ரோசாஃப்டுக்குள் எழுதிக்கொடுத்து, 2006இல்தான் அது வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வால். ஆபத்தான கட்டளை பலவற்றின் கடைசியில் 'வாட்இஃப்' என்று சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால் அது எதையும் செய்யாது. செய்திருந்தால் என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று மட்டும் வரிசையாகச் சொல்லும். பெண் பார்த்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அந்த வாலைச் சேர்க்காமல் ஒருநாள் நான் செய்த காரியம் உண்டு. மூன்று மாதமாக யாரும் உள்நுழையாத பயனர் கணக்குகளை முடக்க ஒரு பட்டியல் எடுத்தேன். பட்டியலின் கடைசியில் ஒரு வெற்று வரி. நான் எழுதிய லட்சணத்தில், வெற்று வரி என்றால் 'எல்லாரும்' என்று அர்த்தமாகிவிட்டது. காலை பத்தேகாலுக்கு மூன்று மாடியிலும் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. என் கணக்கும் அதில் சேர்த்திதான். அரைமணி நேரம் வராந்தாவில் டீ விற்பவருக்கு நல்ல வியாபாரம்.

அப்பா ஓய்வு பெற்றபின் ஒருநாள், சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டே கேட்டார்.

"அங்க என்னதான் பண்றே?"

எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். நானூறு சிஸ்டம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அட்மின் கணக்கு, அதை வைத்து எந்த சிஸ்டத்துக்குள்ளும் இங்கே உட்கார்ந்தபடியே போகலாம்.

"அப்ப அது சாவி மாதிரி."

"ஆமாப்பா."

"யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான்."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணு கிடையாதுப்பா. ஒண்ணுதான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கம் படிக்க ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நானூறு சிஸ்டத்தையும் திறக்கும் இன்னொரு பாஸ்வேர்டை ஒருகாலத்தில் நான் எங்கே வைத்திருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன் பென்டிரைவ் காலத்தைச் சொல்ல வேண்டும்.

2008 அக்டோபர் 23 அன்று மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் அவசரமாக ஒரு பேட்ச் விட்டது. அது அடைத்த ஓட்டை வழியாக நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற புழு வந்தது. நெட்வொர்க் வழியாகவும் வரும், பென்டிரைவில் ஏறியும் வரும், பாஸ்வேர்டுகளை ஊகித்துத் தட்டிப் பார்த்தும் வரும். எங்களுக்கு பென்டிரைவில் வந்தது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலோடு ஒவ்வொரு ஆபீசிலிருந்தும் ஒருவர் கழுத்தில் பென்டிரைவைத் தாயத்து மாதிரி மாட்டிக்கொண்டு வருவார். ஒரே சிஸ்டத்தில் இருபது பேர் செருகுவார்கள். சாயங்காலத்துக்குள் இருபது ஆபீசுக்கும் பிரசாதம் போய்ச் சேர்ந்துவிடும். நமக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்துக் குறுகிப்போயிருந்தேன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் மாநகராட்சிக்கும் 2009 தொடக்கத்தில் அதுவே வந்து, சரிசெய்ய ஏறக்குறைய 15 லட்சம் பவுண்ட் ஆயிற்று. அவர்களும் கடைசியில் பென்டிரைவுக்குத் தடை போட்டார்கள் என்று படித்தபோது அல்ப சந்தோஷம் ஒன்று வந்தது.

நானும் தடை போட்டேன். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஓர் இடத்தில் 3 என்று இருப்பதை 4 ஆக்கினால் பென்டிரைவ் வேலை செய்யாது. ஓர் எண். நானூறு சிஸ்டத்திலும் மூன்றை நான்காக்க ஸ்கிரிப்டுக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்து எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, கடைக்காரப் பையனின் மெயில் பெட்டியில் எங்கள் வளாகத்துக் கடிதங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தேன். பென்டிரைவ் ஓடவில்லை என்றதும், எல்லாரும் அவனுக்கு மெயில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிலத் தகராறு, பதவி உயர்வு முதுநிலைப் பட்டியல், ஒழுங்கு நடவடிக்கை, எல்லாம் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அடைத்த வாசலைப் பற்றி நான் யோசித்தேன். அந்த வாசல் வழியாக நடந்துகொண்டிருந்த வேலையைப் பற்றி யோசிக்கவில்லை.

கான்ஃபிக்கர் பாஸ்வேர்டை ஊகிக்கும் என்று சொன்னேனே, அதற்கும் ஒரு வைத்தியம் செய்தேன். ஒவ்வொரு சிஸ்டத்திலும் அதற்கென்று ஓர் அட்மின் கணக்கு உண்டு. அதில் பலவற்றுக்கு பாஸ்வேர்டே இல்லை, மீதிக்கு 123. சிஸ்டம் ஆன் ஆகும்போதெல்லாம் ஓடுகிற ஸ்கிரிப்ட் ஒன்றில், எல்லாவற்றுக்கும் ஒரே நல்ல பாஸ்வேர்டு போடும் வரியைச் சேர்த்தேன். மகள் பெயரும் பிறந்த வருடமும், நடுவில் ஒரு குறி. அந்த ஸ்கிரிப்ட் எல்லா சிஸ்டமும் படிக்கக்கூடிய ஒரு பொது இடத்தில் இருந்தது. இருந்தால்தானே ஓடும்? யார் போய்த் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

மேல்மாடியில் ஓர் இளநிலை உதவியாளர் இருந்தார். அப்பா இறந்து கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த பெண். வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் என் மகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். எத்தனாவது படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாளா. நானும் பதில் சொல்வேன். மகள் பெயரை எப்போது சொன்னேன் என்று யோசித்ததில்லை. 2014 ஆரம்பத்தில் ஒருநாள் அவருடைய செக்‌ஷனுக்குப் போனபோது, புதிதாக வந்த சிஸ்டத்தில் வானவில் எழுத்துரு போட்டு, பிரிண்டரும் இணைத்து ஓடிக்கொண்டிருந்தது. அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் அதெல்லாம் செய்ய முடியாது. நான் அந்த சிஸ்டத்தை அதுவரை தொட்டதில்லை.

"இது யாரும்மா போட்டது?"

"நான்தான் சார்."

"எப்படிப் போட்டீங்க?"

அவர் கொஞ்சநேரம் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில சிஸ்டம் ஆன் பண்றப்ப கறுப்பா ஒரு கட்டம் வந்துட்டுப் போகுமில்ல சார். அது மேல எந்த போல்டர்னு எழுதியிருக்கும். ஒருநா போய்த் திறந்து பார்த்தேன். பாப்பா பேர் இருந்துச்சு."

"எப்ப?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மாத்திடுவீங்க சார். போன் பண்ணினா நீங்க வர்றதுக்கு நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் தமிழ்ல ஒரு லெட்டர் அடிக்க முடியாது. மேலதிகாரி எங்களைத்தான திட்டுவாரு."

2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. ஆனால் பழைய கடிதங்கள் எல்லாம் வானவிலில் கிடந்தன. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். மூன்று மாடியிலும் யாருக்கு எழுத்துரு வேண்டுமானாலும் அந்தப் பெண்தான் போய்ப் போட்டுக்கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம் என் வேலையில் பாதியை, என் மகள் பெயரைத் தட்டித் தட்டி, சம்பளமில்லாமல் செய்திருக்கிறார். அவர் நல்லவராக இருந்தது என் அதிர்ஷ்டம். பாதுகாப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

அதே 2014இல், மே 13ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எம்எஸ்14-025 என்று ஒரு பேட்ச் விட்டது. குரூப் பாலிசியில் அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு எல்லா சிஸ்டத்துக்கும் அனுப்பும் வசதி ஒன்றை அவர்களே கொடுத்திருந்தார்கள். அது பாஸ்வேர்டை மறைகுறியாக்கி, டொமைனில் உள்ள எல்லாரும் படிக்கக்கூடிய பொது போல்டரில் வைக்கும். அந்த மறைகுறியைத் திறக்கும் சாவியோ, அவர்களுடைய ஆவணப் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. உலகத்துக்கெல்லாம் ஒரே சாவி. பேட்ச் புதிதாக அப்படி வைப்பதை நிறுத்தியது. ஏற்கெனவே வைத்திருந்ததை அது தொடவில்லை. ஒவ்வொருவரும் தேடிப்பிடித்து அழிக்க வேண்டியிருந்தது. நான் செய்த முட்டாள்தனத்தை அத்தனை பெரிய கம்பெனியே செய்திருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஸ்கிரிப்டிலிருந்து அந்த வரியை எடுத்தேன். ஆனால் பாஸ்வேர்டு எல்லா சிஸ்டத்துக்கும் ஒன்றாகவேதான் தொடர்ந்தது. ஒன்றைப் பிடித்தவனுக்கு நானூறும் கிடைக்கும்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கு வளாகத்துக்குப் போய்விட்டேன். உடன் வேலைபார்க்கும் தம்பியும் வந்துவிட்டான். முந்தைய இரவே மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்துப் பையன் அந்தப் புழுவுக்குள் ஒரு விநோதமான இணைய முகவரியைக் கண்டுபிடித்து, பத்து டாலர் சொச்சத்துக்கு அதைத் தன் பெயரில் பதிவு செய்திருந்தான். புழு கிளம்புமுன் அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் சுருண்டு படுத்துவிடும். ஆபத்து நீங்கியது என்று டிவி சொன்னது. எங்களுக்கு நீங்கவில்லை. எங்கள் சிஸ்டங்கள் நேராக இணையத்துக்குப் போகாது, நடுவில் இருக்கும் பிராக்சி வழியாகத்தான் போகும். அந்தப் புழுவுக்கு பிராக்சி வழி தெரியாது. பதில் வராது; ஆகவே கடிக்கும். பாதுகாப்புக்காக மூடிவைத்த நெட்வொர்க்குக்கு அந்த மருந்து எட்டாது. அதனால் அதே முகவரிக்கு எங்கள் சர்வரே பதில் சொல்லும்படி உள்ளுக்குள் ஒரு பொய் முகவரி செய்துவைத்தோம். பதினைந்து நிமிட வேலை.

அடுத்து, எந்தெந்த சிஸ்டத்தில் பேட்ச் இருக்கிறது என்று கேட்கும் ஸ்கிரிப்ட். தம்பி பேட்சின் எண்ணைத் தேடும்படி எழுதினான். சோதித்த பத்தில் எட்டு 'இல்லை' என்றது. அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாதாமாதம் வரும் தொகுப்பு பேட்சில் பழையதும் அடங்கிவிடும், அப்போது பழைய எண் தெரியாது. எண்ணை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் 'எஸ்ஆர்வி.சிஸ்' என்ற பைலின் பதிப்பைக் கேட்கச் சொன்னேன். அதற்கப்புறம் உண்மை வந்தது.

ஆனால் கேட்பதற்கு சிஸ்டம் விழித்திருக்க வேண்டுமே. மூன்று மாடியும் இருட்டு. எல்லா அறையும் பூட்டியிருந்தது. கீழே இரவுக்காவலர் அறையில் ஒரு பலகை, ஆணிகளில் சாவிகள். எந்தச் சாவி எந்த அறைக்கு என்பது பலகையில் இல்லை, அவர் தலையில் இருந்தது. அறுபது வயதை நெருங்கியவர். அண்ணே, கொஞ்சம் வாங்க என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொத்தோடு முன்னால் நடந்தார். அவர் திறக்க, நான் பட்டன்களை அழுத்த, தம்பி கீழே உட்கார்ந்து ஸ்கிரிப்டை ஓட விட்டான். தானியங்கி, தானியங்கி என்று அத்தனை வருடம் பேசினேன். அன்றைக்கு அது அந்த அண்ணன் கால் வேகத்தில்தான் நடந்தது. மூட்டுவலி அவருக்கு, மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏறினார்.

ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சிஸ்டத்தையும் மூன்று வகையில் ஒன்றில் போட்டது: பேட்ச் உண்டு, இல்லை, பதிலே இல்லை. 'இல்லை' என்று வந்ததை உடனே சரிசெய்யலாம். புழு நுழையும் அந்தப் பழைய எஸ்எம்பி முதல் பதிப்பை முடக்கியது, 445ஆம் கதவை மூடியது, பேட்சைத் தள்ளியது எல்லாம் ஸ்கிரிப்டே பார்த்துக்கொண்டது. இந்தத் தடவை 'வாட்இஃப்' போட்டுப் பார்த்துவிட்டுத்தான். தாலுகா ஆபீஸ்களுக்கு ஆள் அனுப்பிக் கையில் கொண்டுபோகச் சொன்னோம். வயிற்றைக் கலக்கியது மூன்றாவது வகை. பட்டியலில் இருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஒன்று பதிவறையில் ரசீதுக் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. ஒன்று ஓய்வுபெற்றவர் மேசைக்கு அடியில் பெட்டியோடு. ஒன்று எக்ஸ்பி, பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதோடு மட்டும்தான் பேசும் என்று யாரோ விட்டுவைத்தது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே முடிந்துவிட்டது. வானாக்ரையைப் பார்த்து பயந்து மைக்ரோசாஃப்டே அதற்கும் ஒரு பேட்ச் விட்டது. நான் கேபிளையே பிடுங்கினேன்.

நெட்வொர்க்கைப் பாதுகாப்பது என்றால் என்னவென்று யாராவது கேட்டால், நான் முதலில் எண்ணச் சொல்வேன். எத்தனை சிஸ்டம் இருக்கிறது என்று தெரியாதவன் எழுதும் ஸ்கிரிப்ட், தெரிந்ததை மட்டும் காப்பாற்றும். அப்பா தினமும் சாயங்காலம் முத்திரைத்தாளை எண்ணி இருப்பு எழுதிவிட்டுத்தான் பூட்டுவார். சிறுவயதில் அது எனக்குச் சலிப்பூட்டும் வேலையாகத் தெரிந்தது.

திங்கள் காலை பத்து மணி. பட்டன்கள் அழுத்தப்பட்டன. நானும் தம்பியும் சர்வர் அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. பத்தரைக்கு முதல் புகார் வந்தது: ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் போல்டருக்குப் போகவில்லை. அந்த மெஷினுக்குப் பழைய எஸ்எம்பி தவிர வேறு தெரியாது. சாயங்காலத்துக்குள் பதினோரு புகார், எல்லாம் ஸ்கேன். அன்றைக்குக் கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா பக்கம் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் சிவப்புக் கட்டம் வந்துவிட்டதாகச் செய்தி. எங்கள் மனுக்கள் எல்லாம் பதிவாகின. யாரும் பாராட்டவில்லை, எதுவும் நடக்காத நாளுக்குப் பாராட்ட என்ன இருக்கிறது?

அடுத்த மாதம், ஜூன் 27. உக்ரைனில் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட்டிலேயே ஏறி வந்தது நாட்பெட்யா என்ற இன்னொரு புழு. அரசு அலுவலகங்கள், வங்கிகள் எல்லாம் விழுந்தன. என்னை உலுக்கியது அது பரவிய விதம். ஓட்டை இருந்தால் அதன் வழியாகப் போகும். ஓட்டை இல்லாவிட்டால், பிடித்த சிஸ்டத்தின் நினைவகத்தில் கிடக்கும் அட்மின் பாஸ்வேர்டைப் பொறுக்கிக்கொண்டு, பிஎஸ்எக்ஸெக், டபிள்யுஎம்ஐ இரண்டையும் வைத்து அடுத்ததற்குள் போகும். அந்த இரண்டும் என் கருவிகள். சனிக்கிழமை நான் உள்ளே போன அதே வழி. பேட்ச் போட்ட சிஸ்டமும் அதற்குத் தப்பாது. மெர்ஸ்க் என்ற கப்பல் கம்பெனியில் 45,000 சிஸ்டத்தைப் பத்து நாளில் புதிதாக நிறுவினார்கள். அவர்களுடைய டொமைன் சர்வர்கள் எல்லாம் அழிந்து, கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. மின்வெட்டைத் திட்டியே வளர்ந்த எனக்கு அதைப் படித்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்த ஜூலையில்தான் லேப்ஸ் என்ற கருவியைப் போட்டேன். மைக்ரோசாஃப்ட் 2015இலேயே இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு, 14 எழுத்து, 30 நாளுக்கு ஒருமுறை தானே மாறும். எனக்கே தெரியாது, வேண்டும்போது பதிவு செய்து கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றாட வேலைக்கு எனக்கே அட்மின் அதிகாரம் இல்லாத ஒரு கணக்கு. வானவில், யூனிகோடு, பிரிண்டர் எல்லாம் யார் வேண்டுமானாலும் அவர்களே நிறுவிக்கொள்ளும்படி ஒரு பக்கம் செய்துவைத்தேன். அதைச் சோதித்துப் பார்க்க மேல்மாடியிலிருந்து அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டேன். இரண்டு குறை சொன்னார். இரண்டும் சரி.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ஐந்து பாதிக்கப்பட்டு, 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டு, நாட்டின் பெரிய ஆஸ்பத்திரி இரண்டு வாரத்துக்குப் பக்கமாகக் கையால் சீட்டு எழுதியது. நெட்வொர்க்கை அறை அறையாகப் பிரிக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அந்த வருடம் ஏப்ரல் 28இல்தான் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டிருந்தது: சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லா சிஸ்டத்தின் கடிகாரமும் என்ஐசியின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடைசி விதியைப் படித்ததும் எனக்குத் தண்டவாளத் துண்டின் சத்தம் கேட்டது. கடிகாரத்தைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்டை ஓட்டியபோது, பேட்டரி செத்த ஒரு சிஸ்டம் தான் இன்னும் 2002இல் இருப்பதாகச் சொன்னது.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் அந்த ஒரு கணக்கு மிச்சம். அதன் பாஸ்வேர்டு 24 எழுத்து. முதல் பன்னிரண்டை நான் தட்டினேன். பின் பன்னிரண்டை எங்கள் அதிகாரி தட்டினார். அவரவர் பாதியை அவரவர் காகிதத்தில் எழுதி, தனித்தனி உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்தோம். அரக்கு எங்கே கிடைக்கும் என்று தம்பி கேட்டான். கருவூலத்தில்தான் வாங்கினோம். உறைகள் இரண்டும் அங்கே ஸ்ட்ராங் ரூமில் இருக்கின்றன. மாற்றுச் சாவிகளை வருடத்துக்கு ஒருதரம் ஏப்ரலில் எடுத்துப் பார்த்து, புது முத்திரை வைத்துத் திருப்பி வைப்பார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். நாங்களும் ஏப்ரலில் எடுத்து, பாஸ்வேர்டை மாற்றி, மறுபடி வைக்கிறோம். 2024இல் மட்டும் தேர்தல் வேலையால் மே மாதம் ஆகிவிட்டது. பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் அதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.